மிட்வே படித்தும் சொற்கள் நிற்கவில்லையா?

வணக்கம் நண்பரே. 1942-இல் பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே போரைப் பற்றி ஆங்கிலத்தில் படித்து, தெரியாத சொல்லையெல்லாம் அகர வரிசையில் எழுதி மனப்பாடம் செய்தும் ஒரே வாரத்தில் மறந்துபோகிறது என்கிறீர்கள். அந்த வரிசைதான் சிக்கல் என்று நினைக்கிறேன். சம்பவங்கள் நடந்த வரிசையில் எழுதிப் பாருங்கள்.

யார்க்டவுன் என்ற ஓர் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1942 மே மாதம் பவளக் கடல் போரில் குண்டு பட்டது: 'டேமேஜ்'. ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் மூன்றே நாளில் அவசர 'ரிப்பேர்'. ஜூன் 4 அன்று மிட்வேயில் ஜப்பானின் ஹிர்யூ கப்பலிலிருந்து வந்த விமானங்கள் தாக்கியதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது: 'லிஸ்ட்'. மாலுமிகள் கப்பலைவிட்டு வெளியேறினார்கள்: 'அபாண்டன்'. ஆனாலும் மூழ்கவில்லை. மீட்டுவிடலாம் என்று ஒரு குழு திரும்பப் போனது: 'சால்வேஜ்'. அந்த நேரம் பார்த்து ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி 'டார்பிடோ' விட்டது. ஜூன் 7 காலை மூழ்கியது: 'சிங்க்'. பாவம், இவ்வளவு போராடிய கப்பல்!

அப்புறம், எல்லாச் சொல்லுக்கும் ஒரே உழைப்பு வேண்டாம். இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் 'அரெஸ்டிங் ஒயர்' படிக்கும்போது புரிந்தால் போதும். 'அபாண்டன்', 'சால்வேஜ்' அப்படியல்ல. மழையால் கைவிட்ட மேட்ச், தோல்வியிலிருந்து காப்பாற்றிய டிரா என்று கிரிக்கெட் செய்தியிலும் வரும். அவற்றை வைத்துச் சொந்தமாக வாக்கியம் எழுதுங்கள்.

இது முடிந்ததும், 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் பற்றிப் படியுங்கள். இதே சொற்கள் பல திரும்ப வரும். நோட்டைத் திறக்காமல் எத்தனை புரிகிறது என்று வந்து சொல்லுங்கள்.