முதல் கானேசுமாரியும் தாது வருஷமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1871இல் சென்னை மாகாணத்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை, அதாவது கானேசுமாரியைப் பற்றிச் சென்ற கட்டுரையில் ஓரிடத்தில் சொல்லியிருந்தீர்கள். எங்கள் பூர்வீகம் பென்னாகரம் பக்கம். முன்னோர்கள் அப்போதும் அங்கேதான் காடு கழனி பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அவர்களுடைய பெயர் அந்தக் கணக்கில் கிடைக்குமா? சாதி என்பதே வெள்ளைக்காரர்கள் கணக்கெடுப்பு நடத்தி உண்டாக்கியதுதான் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? சாதியை விட்டால் அதில் நமக்குத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர், தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் கிடைக்காது. வீடு வீடாக எழுதிய படிவங்களைக் கூட்டிக் கழித்து அட்டவணையாக்கிய பிறகு யாரும் பாதுகாக்கவில்லை. அச்சாகி நம் கைக்கு வந்திருப்பவை எண்கள் மட்டுமே. உங்கள் முன்னோர் அவற்றில் ஏதோ ஒரு கூட்டுத்தொகைக்குள் இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

1871க்கு முன்பும் சென்னை மாகாணத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தலைக்கணக்கு எடுத்தார்கள். வருவாய்த் துறைக்காரர்கள் கர்ணங்களிடமிருந்து (கிராமக் கணக்குப்பிள்ளைகளிடமிருந்து) கேட்டு வாங்கிக் கூட்டிய கணக்கு அது. அதன்படி 1866-67இல் மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 65 லட்சம். 1871இல் வீடுகளுக்கு எண் போட்டு, ஆள் ஆளாக விசாரித்து எழுதியபோது 3 கோடியே 12 லட்சம் வந்தது. ஐந்தே ஆண்டில் நாற்பத்தேழு லட்சம் பேர் பெருகிவிடவில்லை. அதுவரை அத்தனை பேர் அரசாங்கத்தின் கண்ணில் படாமலே வாழ்ந்திருக்கிறார்கள். வங்காளத்தில் இன்னும் மோசம். 4 கோடியே 20 லட்சம் என்று நினைத்திருந்த இடத்தில் ஏறக்குறைய 6 கோடியே 70 லட்சம் பேர் இருந்தார்கள்.

இந்தியா முழுவதும் ஒரே நாளில் நடந்ததல்ல இது. மாகாணத்துக்கு ஒரு தேதி. சமஸ்தானங்களில் பெரும்பாலானவை சேரவே இல்லை. நாடு தழுவிய, ஒரே இரவுக் கணக்கெடுப்பு என்றால் 1881 பிப்ரவரி 17ஆம் தேதி நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். 1871இல் வருமான வரி வேறு நடப்பில் இருந்தது. வீட்டு வாசலில் எண் எழுதி, யார் யார் இருக்கிறீர்கள், என்ன தொழில் என்று கேட்டால் அடுத்தது வரிதான் என்று ஜனங்கள் பயப்படுவதில் வியப்பில்லை. வயதுக் கணக்கும் தோராயம்தான். இருபது, முப்பது, நாற்பது என்று முழு எண்களில் ஆட்கள் குவிந்துகிடப்பார்கள். ஆனால் மெத்தை வீடு (தளம் போட்ட வீடு) எத்தனை, ஓட்டு வீடு எத்தனை, கூரை வீடு எத்தனை என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். அன்றைய வறுமையை நேரில் பார்க்க அந்த அட்டவணை ஒன்று போதும்.

சென்னைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். மருத்துவர், மாகாணத்தின் சுகாதார ஆணையர். உங்கள் நண்பருக்கான பதில் அவருடைய அறிக்கையிலேயே இருக்கிறது. சாதியின் தோற்றத்தை ஆராய்வதற்குச் சாஸ்திர நூல்களை நம்பிப் பயனில்லை, இந்துக்கள் நான்கே வருணங்களாக இருந்த காலம் ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம் என்று எழுதுகிறார். வந்து குவிந்த நூற்றுக்கணக்கான சாதிப் பெயர்களை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் திணறியவர்கள், சாதியை உண்டாக்கியவர்களாக இருக்க முடியாது. ஊருக்கு வெளியே சேரி இருந்தது கார்னிஷ் வருவதற்கு முன்பே. அதே சமயம், அச்சில் ஏறிய வரிசைக்கு அதிகாரம் வந்துவிட்டது என்பதும் உண்மை. சமூக மதிப்பின்படி சாதிகளை ஏற்ற இறக்கமாக அடுக்கும் வேலையை 1901இல் கணக்கெடுப்பு ஆணையர் ரிஸ்லி செய்ய முனைந்தபோது, எங்களை மேலே ஏற்றுங்கள், பெயரை மாற்றுங்கள் என்று மனுக்கள் குவிந்தன. கணக்கெடுப்பு சாதியை இறுக்கியது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். உண்டாக்கியது என்றால் மாட்டேன்.

இந்த ஒரு விவாதத்திலேயே 1871 சிக்கிக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். அந்தக் கணக்கெடுப்பின் பெரிய மதிப்பு, அது நடந்த நேரத்தில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பஞ்சம். சாவுகளைப் பதிய வேண்டிய கிராம அலுவலர்களின் குடும்பங்களும் பட்டினியில் கிடந்த காலம் அது. வழியில் விழுந்து இறந்தவர்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? சாவுப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு எத்தனை பேர் மாண்டார்கள் என்று சொல்லவே முடியாது. பஞ்சத்துக்கு முன்பு எத்தனை பேர் இருந்தார்கள் என்று 1871 சொல்வதால்தான், 1881இல் எத்தனை பேர் இல்லை என்பது தெரிகிறது.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடங்கிய பெரிய மாவட்டம். 1871இல் அங்கே 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் ஏறக்குறைய 16 லட்சம். ஐந்தில் ஒருவரைக் காணவில்லை. இலங்கைக்கும் மற்ற சீமைகளுக்கும் பிழைக்கப் போனவர்கள் இதில் ஒரு பங்கு. பஞ்சத்தில் பிறக்காமலே போன குழந்தைகள் ஒரு பங்கு. மீதி சாவு. பத்தாண்டில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டியவர்களையும் சேர்த்தால் இழப்பு இன்னும் பெரிது. எல்லையைத் தாண்டினால் மைசூர். அங்கே 50 லட்சம் 42 லட்சமாகக் குறைந்தது.

கார்னிஷின் கதையும் அறிக்கையோடு முடியவில்லை. 1877இல் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு) தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியை வெட்டினார். வெயிலில் கல் உடைப்பவனுக்கு ஒரு ராத்தல்! இந்த மாகாணத்து ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று 1863இலேயே அறிக்கை எழுதியவர் கார்னிஷ். இந்தக் கூலியில் உழைப்பவன் உயிர் வாழ முடியாது, மெலிந்து சாவான் என்று அவர் எழுத்து மூலம் மல்லுக்கு நின்றார். சில மாதங்கள் கழித்துச் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். ஆட்சியின் கருவியாக வேலை பார்த்த மனிதர்தான் அவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தலையையும் எண்ணிய அறிக்கையை எழுதியவர், அந்தத் தலைகளுக்குச் சோறு போதாது என்று தன் மேலதிகாரிகளோடு வாதாடினார் என்பதை மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன்.

எங்கே தேடுவது என்று கேட்டால், பெயரை விட்டுவிட்டுத் தாலுகாவைத் தேடுங்கள். 1871, 1881 இரண்டு அறிக்கைகளிலும் தாலுகாவாரியான எண்கள் உண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1883இல் வெளியான சேலம் மாவட்டக் கையேட்டையும் சேர்த்துப் படியுங்கள். தருமபுரித் தாலுகாவின் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் பெரியவர்கள் தாது வருஷத்தைப் பற்றி ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கிடைப்பதை எனக்கு எழுதுங்கள்.