மனைவிக்குத் தெரியாத கடன்

வணக்கம் மேடம்,

எனக்கு 36 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சம்பளம் 34,000. இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. காப்பீடு போக மீதியை கிரெடிட் கார்டில் கட்டினேன். வீட்டில் "ஆபீசில் அட்வான்ஸ் கொடுத்தார்கள்" என்று சொல்லிவிட்டேன். கார்டில் இன்று 1,80,000 நிற்கிறது. மாதம் 9,000 கட்டியும் குறையவே இல்லை. அதைக் கட்டுவதற்காக மூன்று லோன் ஆப்களில் வாங்கியதில் இன்னும் 65,000 பாக்கி.

போனை எப்போதும் சைலன்ட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். "அப்பா, யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்று மகள் எடுத்து வந்து கொடுத்தால் கை நடுங்குகிறது. தெரிந்தவர் ஒருவர் இரண்டரை லட்சம் அஞ்சு வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடலாமா? மனைவியின் நகைகள் பீரோவில்தான் இருக்கின்றன. அவளுக்குத் தெரியாமல் எடுக்க மனசு வரவில்லை. சில ராத்திரிகளில், நான் இல்லாவிட்டால் இந்தத் தொல்லையும் இருக்காதே என்று தோன்றுகிறது.

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த எண்ணம் மறுபடி வந்தால், எந்த நேரமானாலும் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கடன் விஷயத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ராத்திரியைத் தனியாகக் கடக்காதீர்கள்.

அஞ்சு வட்டி வேண்டாம். இரண்டரை லட்சத்துக்கு மாதம் 12,500 வட்டி மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்கும். புதுக்கடன் வாங்கிய அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்திருக்கும். அந்த ஒரு ராத்திரி நிம்மதிதான் உங்களை முதல் ஆப்பிலிருந்து மூன்றாவது ஆப் வரை இழுத்து வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கார்டு ஏன் குறையவில்லை என்று பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,80,000-க்கு 6,300. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,134. நீங்கள் கட்டும் 9,000-இல் அசலுக்குப் போவது 1,500 ரூபாய் சொச்சம். அதே இரண்டரை லட்சத்தை வங்கி நகைக்கடனாக ஆண்டுக்கு 10 சதவீதத்தில் வாங்கினால் மாத வட்டி 2,100 ரூபாய்க்குள் முடியும். ஆனால் அந்த வழி பீரோவுக்குள் இருக்கிறது, மனைவிக்குத் தெரியாமல் அதைத் திறக்க முடியாது. மலிவான வழியை அடைத்து வைத்திருப்பது இந்த ரகசியம்தான். அதற்கும் சேர்த்து நீங்கள் மாதா மாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாமல் எடுக்க மனம் வரவில்லை என்றீர்களே, அந்த மனசை நான் மதிக்கிறேன்.

சரி, எப்படிச் சொல்வது? முதலில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, என்றைக்குத் தவணை. 65,000-ஐ 40,000 என்று குறைத்துச் சொல்லாதீர்கள். என்னிடம் வரும் தம்பதிகளில் பலருக்கு விரிசல் விழுந்தது பாதியை மறைத்து, அது பின்னால் தெரியவந்தபோதுதான். மகள் தூங்கிய பிறகு தாளை மனைவி கையில் கொடுத்து, அட்வான்ஸ் என்று சொன்னது பொய் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அன்று ராத்திரி நகையைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் அழலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். பணத்தை விட, இரண்டு வருடம் தன்னிடம் மறைத்ததுதான் அவருக்கு வலிக்கும். விளக்கம் சொல்லிச் சொல்லி அந்தக் கோபத்தை அவசரமாக அணைக்கப் பார்க்காதீர்கள். நகையைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. கார்டு பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியில் எழுத்து மூலம் கேளுங்கள்.

அப்புறம் அந்த ஆப்கள். வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, போனில் இருக்கும் தொடர்பு எண்களை ஆப் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. மீறினால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அதன் பிறகு ரிசர்வ் வங்கியிடம் போகலாம். எப்படி என்று 14448-இல் சொல்வார்கள். போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் உடனே 1930, சைபர் குற்றப் பிரிவு. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

அப்பாவைக் காப்பாற்ற வாங்கிய கடன் இது. உங்கள் மனைவியிடம் அதையும் சொல்லுங்கள், ஆனால் கடைசியாக. பேசிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவருக்கும் சம்மதம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுங்கள்.