வாசகர் கேள்வி–பதில்: வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி நிலம்

கேள்வி: ஆயர் ஈத்தாமில் எங்கள் தொடர்வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு காலி நிலம் இருக்கிறது. கிழிந்த மெத்தை முதல் பழைய டயர் வரை இரவோடு இரவாக யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதைச் சுத்தம் செய்து நான்கு மரக்கன்றுகளும் பிள்ளைகளுக்கு இரண்டு பெஞ்சுகளும் வைக்கலாம் என்று பதினெட்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டோம். இதற்கெல்லாம் சிறு மானியம் உண்டு என்கிறார்கள். எங்களிடம் சங்கம் எதுவும் இல்லை. எங்கே விண்ணப்பிப்பது?
— ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: விண்ணப்பப் பாரத்தைத் தேடுவதற்கு முன், அந்த நிலம் யாருடையது என்பதைத் தேடுங்கள். பினாங்கில் இத்தகைய காலி இடம் மாநில அரசு நிலமாக இருக்கலாம். மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ள திறந்தவெளியாகவோ வடிகாலுக்கென ஒதுக்கிய பகுதியாகவோ இருக்கலாம். வீடமைப்பு நிறுவனம் இன்னும் ஒப்படைக்காமல் கையில் வைத்திருக்கும் துண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே புதர்தான். உங்கள் பகுதி தீமோர் லாவுட் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், அம்மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி அதிகாரபூர்வத் தேடல் செய்தால் உரிமையாளர் யார் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிந்துவிடும். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு செடிகூட நடாதீர்கள். அரசு நிலமென்றால் தேசிய நிலச் சட்டத்தின்கீழ்த் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது அந்நிலத்தைச் சில காலம் பயன்படுத்தும் அனுமதி, கேட்கலாம்; ஆனால் அது வழங்கப்பட்ட ஆண்டின் டிசம்பர் 31-ஐத் தாண்டிச் செல்லாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். சிமெண்டால் கட்டிய எதையும் அந்த உரிமத்தை நம்பிக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பெஞ்சும் தொட்டியில் வளரும் செடியும் போதும்.

குப்பையை அகற்றுவதற்கு மானியமே தேவையில்லை. துப்புரவைக் கூட்டரசின் பொறுப்பில் கொண்டுவரும் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007-ஐப் பினாங்கு ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே இங்கே துப்புரவு ஊராட்சி மன்றத்தின், அதாவது உங்கள் மாநகர் மன்றத்தின், நேரடிப் பொறுப்பாகவே இருந்து வருகிறது. படங்களுடன் இன்றே புகார் கொடுங்கள். டயருக்குள் தேங்கிய மழைநீரில் ஏடிஸ் கொசு பெருகும் என்பதைப் புகாரில் தவறாமல் குறிப்பிட்டால், சுகாதாரப் பிரிவும் சேர்ந்து வரும். புகாரின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல என்பதற்குப் பிறகு மானிய விண்ணப்பத்தில் அதுவே சான்றாகும்.

அடுத்தது, யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பது. பொதுப்பணம் கொடுக்கும் எவரும் தனியாள் வங்கிக் கணக்கில் பணம் போட விரும்புவதில்லை. 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். பதினெட்டு வீடுகளில் ஏழு பேரைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஏழு ஆண்டுகள் கழித்தும் அந்தச் சங்கத்தின் கணக்கை எழுதப்போகும் ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும் என்பதை மறந்து பதிவை இழந்த குடியிருப்பாளர் சங்கங்களை நான் அறிவேன். ஆகவே இரண்டு பெஞ்சுகளுக்காகப் புதுச் சங்கம் தொடங்காதீர்கள். அருகிலேயே ருக்குன் தெத்தாங்கா செயற்குழு இருக்கிறதா என்று பாருங்கள். 1975-இல் இரவுக் காவலுக்காகத் தொடங்கிய அந்த அமைப்பு இன்று 2012-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது, அண்டை அயலார் பணிகளையும் ஏற்று நடத்துகிறது. அதன் தலைவரையும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையும் ஒரே வாரத்தில் சென்று பாருங்கள்; சில ஆயிரம் ரிங்கிட்டில் முடியும் பணிகளுக்குப் பாரமும் நேர்காணலும் இல்லாமல் அங்கேயே வழி பிறப்பதுண்டு.

பலர் ‘திங்க் சிட்டி’ மானியத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதைத் தொடர்ந்து, அரசு முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனலின் துணை நிறுவனமாக 2009-இல் தொடங்கப்பட்ட அது, 20 மில்லியன் ரிங்கிட் நிதியில் ஜார்ஜ்டவுன் மானியத் திட்டத்தை நடத்தியது. கடைவீடுகளின் கூரை, சுவர் முதல் கைவினைக் கலைகளின் ஆவணப் பதிவு வரை பலவற்றுக்கு அதில் உதவி கிடைத்தது. ஆனால் அதன் நோக்கம் பழைய நகரத்தின் மீட்பு. பாரம்பரியப் பகுதி அதன் காப்பு வளையத்தையும் சேர்த்து 259.42 ஹெக்டேர் மட்டுமே. ஆயர் ஈத்தாம் அதற்கு வெளியே இருக்கிறது. வேறொரு பகுதிக்கென வகுத்த திட்டத்துக்கு அழகாக எழுதிய விண்ணப்பமும் வீண்தான். ஆகவே எந்த மானியமானாலும் முதலில் அதன் எல்லையைப் படியுங்கள்.

பாரம் கைக்கு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். ஒப்புதல் கடிதம் வருமுன் வாங்கிய பொருளுக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள்; கொடுப்பதையும் தவணையாகக் கொடுத்து, கடைசித் தவணையை இறுதி அறிக்கைக்குப் பிறகே விடுவிப்பார்கள். அதுவரை யாராவது தம் கைப்பணத்தைப் போட வேண்டியிருக்கும். அவர் யார் என்பதை வெளிப்படையாகப் பேசி, கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். அதைவிட முக்கியம் தண்ணீர். ஒரு குடியிருப்பில் மானியத்தில் வைத்த செடிகள் ஆறே மாதத்தில் காய்ந்ததைப் பார்த்தேன். குழாய் இருந்தது, மீட்டருக்குப் பணம் கட்ட ஆளில்லை. யார் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் வரும், பள்ளி விடுமுறையில் யார் ஊற்றுவார், புல் யார் வெட்டுவார் என்று பெயரோடு எழுதிய ஒரு பக்கம் உங்கள் விண்ணப்பத்தில் இருந்தால், வண்ணப்படம் போட்ட திட்ட வரைவைவிட அதுவே எடை கூடியது.

கேள்வி: எங்கள் மலிவுவிலை அடுக்குமாடியில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது. சிறு மானியத்தில் பழுதுபார்க்க முடியுமா?
— பட்டர்வொர்த் வாசகர்

பதில்: முடியாது, தொகையும் போதாது, வழியும் வேறு. லிஃப்ட் பொதுச்சொத்து, 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி அது உங்கள் கூட்டு நிர்வாகக் குழுவின் பொறுப்பு. மலிவு, நடுத்தர மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கென மாநில அரசு வைத்துள்ள பராமரிப்பு நிதியில் செலவில் 80 விழுக்காடு வரை பெற வழியிருக்கிறது. செபராங் பிறை மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையர் பிரிவில் கேளுங்கள். மீதிப் பங்கில்தான் பல குடியிருப்புகள் நின்றுவிடுகின்றன. பராமரிப்புக் கட்டணம் கட்டாதவருக்கு எழுத்துப்பூர்வமான கோரிக்கை அனுப்பி 14 நாள் அவகாசம் கொடுத்து, பிறகு ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அண்டை வீட்டார் முகத்தைப் பார்த்து எந்தக் குழுவும் அதைச் செய்வதில்லை; லிஃப்டும் ஓடுவதில்லை.

கேள்வி: பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தவறாமல் மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அப்படியிருக்க, பெஞ்சுக்கும் செடிக்கும் நாமே எதற்கு மனுப் போட வேண்டும்?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தலை 1951-இல் நடத்திய ஊர் ஜார்ஜ்டவுன். 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதன் பின் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன உறுப்பினர் முறையை நிலைப்படுத்தியது. தேர்தலை மீட்கப் பினாங்கு மாநிலம் 2012-இல் இயற்றிய சட்டம் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஆகவே தெருவிலுள்ளவரின் விருப்பம் வரவுசெலவுத் திட்டத்தை எட்ட வாக்குச்சீட்டு என்ற வழி இன்று இல்லை. மானியம் அந்த வழிக்கு ஈடாகாது. ஒரு சந்து மட்டுமே.

இன்னொரு சந்தும் திறந்தது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகத்தின் முயற்சியில் 2012 முதல் ஜாலான் சுங்கை அடுக்குமாடியிலும் செபராங் பிறையின் அம்பாங்கானிலும், பெண்கள், இளையோர், முதியோர் எனத் தனித்தனியே தேவைகளைக் கேட்டு, எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்பதைக் குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவுசெய்தார்கள். மனு எழுதுவதைவிட இதுவே நல்ல முறை என்பது என் கருத்து. மனுவில் எழுதத் தெரிந்தவர் வெல்கிறார், வாக்கில் எழுதத் தெரியாத பாட்டியும் கணக்கில் வருகிறார்.

அதுவரை ஒன்று செய்யலாம். ஊராட்சி மன்றத்தின் கூட்டம், மன்றமே தீர்மானித்து மூடினாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்ததென்று சட்டம் சொல்கிறது. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று கேட்டறிந்து, அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் முடிவாவதற்கு முன்பே அவருக்கு எழுதுங்கள். பிறகு நான்கைந்து பேராகப் போய் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருங்கள்.