பிள்ளைகளின் பஸ் காசையும் எழுதுங்கள்

தங்கச்சி, ரொறன்ரோ ஸ்காபரோவில் நாலைந்து பெண்கள் சேர்ந்து, புதிதாக வந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம், இதற்கு அறக்கட்டளைகள் காசு தருமாமே, யாரைக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். தருவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

முதலில் பதிவு. கனடாவில் அறக்கட்டளைகள் பெரும்பாலும் சி.ஆர்.ஏ. என்கிற வருமானவரி அலுவலகத்தில் பதிந்த தொண்டு நிறுவனங்களுக்குத்தான் கொடுத்துப் பழகியவை. 2022இல் சட்டம் மாறி, பதியாத குழுவுக்கும் நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்று வந்தது. என்றாலும் நான் கதைத்த இடங்களில் இன்னும் பதிவு இலக்கத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்காக இப்போதே பதியப் போகாதீர்கள். இயக்குநர் சபை, வருஷா வருஷம் கணக்கு என்று ஓடினால் சனிக்கிழமை வகுப்பு நின்றுவிடும். ஏற்கெனவே பதிந்த ஒரு நிறுவனத்தின் குடைக்குக் கீழே போங்கள், காசு அவர்கள் கணக்குக்கு வரும், அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் திட்டத்துக்கு விடுவார்கள். ஆனால் எத்தனை வீதம், எத்தனை நாளில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் வாய்ப்பேச்சை நம்பி, வந்த காசுக்கு நாலு மாதம் அலைந்தோம், அதற்குள் பள்ளிக்கூட வருஷமே முடியப் போய்விட்டது.

இனி முக்கியமானது. புதிதாக வந்தவர்களுக்கென்று மத்திய அரசு கொடுக்கிற குடியேற்றச் சேவைக் காசு பெரும்பாலும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும்தான். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறவர், படிக்க வந்த மாணவி, பிரஜாவுரிமை எடுத்துவிட்டும் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதத் தடுமாறுகிற தாய், இவர்களெல்லாம் அதற்கு வெளியே. உள்ளூர் அறக்கட்டளைக் காசு பெறுமதியாவது இந்த இடத்தில்தான். உங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அப்படி வெளியே நிற்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை விண்ணப்பத்தின் முதல் பந்தியிலேயே போடுங்கள்.

எங்களுடைய முதல் விண்ணப்பத்தில் பெண்களை வலுவூட்டுவோம், சமூகத்தை மாற்றுவோம் என்று நாலு பக்கம் எழுதினோம். கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் எங்களிடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றி யோசித்தோம். ரொறன்ரோ பஸ்ஸில் 12 வயது வரைக்கும் காசில்லை, 13 ஆனதும் கட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் முடிந்த அடுத்த சனிக்கிழமையே வரவில்லை. கேட்டால் வயிற்றுவலி என்றாள். மூன்றாவது கிழமை தாய்தான் தொலைபேசியில் சொன்னா, பஸ்ஸுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, தம்பியைப் பார்க்கவும் ஆளில்லை என்று. பஸ் காசு, பின்னேரச் சாப்பாடு, தம்பி தங்கச்சிமாரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று மூன்று செலவுகளை வரவு செலவுத் தாளில் சேர்த்தோம். அந்த முறை கிடைத்தது.

எங்கே கேட்பது? ரொறன்ரோ ஃபவுண்டேஷன் 1981இலிருந்து இந்த ஊருக்கென்றே இருக்கிறது. ஒன்ராறியோ ட்ரில்லியம் ஃபவுண்டேஷன் பெயரில்தான் அறக்கட்டளை, உண்மையில் மாகாண அரசின் காசு. தொண்டு நிறுவனமாகப் பதியாவிட்டாலும் லாப நோக்கற்ற நிறுவனமாகக் கூட்டிணைத்திருந்தால் அங்கே விண்ணப்பிக்கலாம். கனடிய மகளிர் அறக்கட்டளை 9 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கான திட்டங்களுக்கென்றே கொடுத்து வந்திருக்கிறது, உங்கள் பிள்ளைகள் அந்த வயதென்றால் அது பொருந்தும். விண்ணப்பம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு வருஷம் மாறும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பதிந்த தொண்டு நிறுவனம் ஒவ்வொன்றும் வருஷாவருஷம் சி.ஆர்.ஏ.க்குக் கொடுக்கிற டி3010 அறிக்கையை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு அறக்கட்டளையின் அறிக்கையைத் திறந்தால் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்றே இருக்கும். உங்களைப் போன்ற சின்ன வேலைக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் எழுதுவதற்கு முதலே தொலைபேசி எடுத்துக் கதையுங்கள், ஆங்கிலம் சரியாக வரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம், என்னோடு பொறுமையாகக் கதைத்தவர்கள்தான் கனபேர்.

பிள்ளைகளோடு இருக்கப்போகிற எல்லோருக்கும் பொலிஸ் சரிபார்ப்புக் கடிதம் வேண்டும், வருவதற்கு நாளெடுக்கும், இந்தக் கிழமையே விண்ணப்பியுங்கள். உங்களிடம் வருகிற பிள்ளைகளின் வயதையும் எத்தனை பேர் என்பதையும் எனக்கு அனுப்பிவிடுங்கள், வரவு செலவுத் தாளை நாம் சேர்ந்தே போடலாம்.