வாரம் ஒரு பகுதி: யூத வீடுகளில் பிள்ளைகளின் தோரா படிப்பு (கேள்வி பதில்)

யூதக் குடும்பங்கள் தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிள்ளைகளோடு படிக்கும் முறை பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். என் படிப்புக்கு உட்பட்ட கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். இன்றைய அரசியல் பற்றி வந்தவற்றைத் தொடவில்லை.

தோரா என்பது பழைய ஏற்பாடுதானே? அதை வாரவாரம் எப்படிப் படிக்கிறார்கள்?

பழைய ஏற்பாடு முழுவதும் அல்ல. ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள ஐந்து நூல்கள்தான் தோரா. அதை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் பெயர் பராஷா. சப்பாத் என்ற சனிக்கிழமை ஓய்வுநாளின் காலையில் ஜெப ஆலயத்தில் தோல் சுருளிலிருந்து அந்த வாரப் பகுதி முழுவதும் வாசிக்கப்படும். அன்று பிற்பகலிலும், அடுத்து வரும் திங்கள், வியாழன் காலைகளிலும் அடுத்த பகுதியின் தொடக்கத்தை வாசிப்பார்கள். ஆக, ஜெப ஆலயத்துக்குத் தவறாமல் போகும் பிள்ளையின் காதில், முழு வாசிப்புக்கு முன்பே அந்தத் தொடக்கம் மூன்று முறை விழுந்துவிடும். சிம்காத் தோரா திருநாளில் உபாகமத்தை முடித்து, அன்றே ஆதியாகமத்தைத் திறந்துவிடுவார்கள்.

ஓர் ஆண்டில் முடிப்பது பாபிலோனிய யூதர்களின் வழக்கம். இஸ்ரவேல் நாட்டில் இருந்தவர்கள் மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன துடேலா பெஞ்சமின் என்ற பயணி, ஒரே ஊரில் இரண்டு ஜெப ஆலயங்கள் இரண்டு வழக்கத்தையும் பின்பற்றியதை எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் பாபிலோனிய வழக்கமே பரவலாக நிலைத்தது.

ஆண்டுக்கு 52 வாரம். 54 பகுதி எப்படி அடங்கும்?

இரண்டு பகுதிகளைச் சேர்த்து ஒரே வாரத்தில் வாசிப்பார்கள். அப்படிச் சேரக்கூடிய இணைகள் ஏழு. யூத நாட்காட்டியில் 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதம் கூடும். அந்த ஆண்டுகளில் வாரங்கள் அதிகம் என்பதால் பெரும்பாலான இணைகள் பிரிந்துவிடும். கடைசிப் பகுதி சிம்காத் தோராவுக்கே உரியது, அது சப்பாத் கணக்கில் வராது.

இஸ்ரேலில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன் ஐயா. வெள்ளி ராத்திரி சாப்பாட்டு மேசையில் பேரப்பிள்ளைகளிடம் பள்ளித் தாளை வைத்துக் கேள்வி கேட்கிறார். எழுதிக்கொள்ளட்டும் என்று பென்சிலை நீட்டினேன், சின்னவன் பதறிப்போய்த் தள்ளிவிட்டான். நான் செய்தது தப்பா?

தப்பில்லை அம்மா, உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சப்பாத் விதிகளைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை எழுதக்கூடாது, வண்ணம் தீட்டக்கூடாது. பள்ளியில் வாரமெல்லாம் படித்ததன் சுருக்கமும் கேள்விகளும் அந்தத் தாளில் இருக்கும். எழுதுகிற வேலையை வெள்ளி மதியத்துக்குள் முடித்துவிடுவார்கள். மேசையில் வாய்ப் பேச்சு மட்டும்தான். சரியான பதிலுக்கு மிட்டாய் கொடுக்கும் வீடுகள் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். கடவுளின் பெயர் எபிரேயத்தில் அச்சான தாளைக் குப்பையில் போடாதீர்கள். அதற்கென்று தனிப் பெட்டி வைத்திருப்பார்கள், கேட்டு அதில் போடுங்கள்.

நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. சிறுவன் ஆபிரகாம் தன் அப்பா கடையில் இருந்த சிலைகளை உடைத்த கதை யூதப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிகிறது. ஆதியாகமத்தை இரண்டு முறை புரட்டிவிட்டேன், எங்கே இருக்கிறது?

இல்லை. அது மித்ராஷ், அதாவது ரப்பிகள் (யூத மத ஆசான்கள்) வசனத்தை ஆராய்ந்து விரித்துச் சொன்னது. ஆதியாகம ரப்பா என்ற தொகுப்பில் இருக்கிறது. வசனத்தைப் பாருங்கள்: 12ஆம் அதிகாரத்தில் கடவுள் திடீரென்று "புறப்பட்டுப் போ" என்கிறார், ஆபிரகாமுக்கு அப்போது 75 வயது. அதற்கு முன் குடும்ப விவரம் சில வரிகளில் உண்டு, ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு சொல்கூட இல்லை. யோசுவா 24இல் மட்டும் தகப்பன் தேராகு வேறு தெய்வங்களைச் சேவித்தான் என்று வருகிறது. இந்த மௌனத்திலிருந்துதான் சிலை உடைத்த கதை பிறந்தது. குழந்தை மோசே தழலை வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டதும் இப்படித்தான்: மோசே "திக்குவாயன்" என்று தன்னைச் சொல்வது யாத்திராகமத்தில் உண்டு, தழல் அங்கே இல்லை.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் எல்லாருக்கும் என் எச்சரிக்கை இதுதான்: எது வசனம், எது மித்ராஷ் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

ஏழு வயசுப் பிள்ளையிடம் அப்படிப் பிரித்தால் கதையே செத்துவிடும் சார். வளர்ந்த பிறகு தெரிந்துகொள்ளட்டுமே.

இதை நான் ஏற்கவில்லை. வளர்ந்த பிறகு அவன் தானாக ஆதியாகமத்தைத் திறந்து தேடுவான், கிடைக்காது. தனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று அன்று நினைப்பான். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். "வசனத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதி என்ன நடந்திருக்கும்? நீ சொல்" என்று கேட்டுவிட்டு, அவன் பதிலைக் கேட்டபின் ரப்பிகள் சொன்னதைச் சொல்லுங்கள். அப்போது கதை இன்னும் நன்றாக நிற்கும், ஏனென்றால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பது அவனுக்குத் தெரியும்.

அப்படியானால் மித்ராஷையே விட்டுவிட்டு வசனத்தை மட்டும் படித்தால் போதாதா?

அதுவும் இழப்புதான். பிரான்சின் துருவா நகரத்து ராஷி (1040–1105) எழுதிய உரையோடுதான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவரே ஆதியாகமம் 3:8இல் தன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறார்: மித்ராஷ்கள் பல உண்டு, நான் வந்தது வசனத்தின் நேர்ப்பொருளுக்காகவும், வசனத்தின் சொற்களோடு பொருந்தி வரும் மித்ராஷுக்காகவும். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் ராம்பாம் (மைமோனிடிஸ்) இன்னும் கடுமையாகச் சொல்கிறார். ரப்பிகளின் கதைகளை அப்படியே நடந்ததாகக் கொள்பவர்களும் தவறு, அப்படிக் கொண்டு கேலி செய்பவர்களும் தவறு. உள்ளே பொருள் இருக்கிறது என்று தேடுபவர்கள் மிகச் சிலர் என்கிறார். உங்கள் கேள்வியும் முந்தைய கேள்வியும் இரண்டு எதிர்முனைகள். நடுவில் நின்று சொல்லிக்கொடுப்பது கடினம்தான், ஆனாலும் அதுதான் வேலை.

எருசலேமில் வாழ்ந்த நெகாமா லைபோவிட்ஸ் (1905–1997) இதற்கு நல்ல வழி காட்டினார். 1942 முதல் முப்பது ஆண்டு அளவுக்கு வாரப் பகுதி பற்றிய கேள்வித்தாள்களைத் தபாலில் அனுப்பினார். வந்த பதில்களைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். அவர் ஓயாமல் கேட்ட கேள்வி: இந்த வசனத்தில் ராஷிக்கு என்ன இடறியது? பத்து வயதுப் பிள்ளையிடம் இந்த ஒரு கேள்வியோடு உட்காருங்கள், ஒரு மாலை போதாது.

லேவியராகமத்தில் தோல்நோய் அதிகாரங்கள் வரும் வாரம் பிள்ளைகளுக்கு என்ன சொல்வார்கள்?

புறம் பேசாதே என்று சொல்வார்கள். அந்த நோய் அவதூறு பேசியதற்கான தண்டனை என்பது ரப்பிகளின் விளக்கம். 13ஆம் அதிகாரம் காரணமே சொல்வதில்லை. மோசேயைப் பற்றித் தவறாகப் பேசிய மிரியாமுக்கு நோய் வந்தது எண்ணாகமம் 12இல் இருக்கிறது, உபாகமம் 24 அதை நினைவூட்டுகிறது. அங்கிருந்து வந்த முடிவு இது. இங்கேயும் பிரித்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வகுப்பில் தோல்நோய் உள்ள ஒரு பிள்ளை அன்று என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

54 பகுதி 52 வாரத்தில் எப்படி…

மேலே சொல்லியாயிற்று. இதே கேள்வி பலமுறை வந்திருக்கிறது. தயவுசெய்து முதலில் பதில்களைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

மிக நீளமான பகுதி எது?

எண்ணாகமத்தின் நாசோ, 176 வசனம். மிகச் சிறியது உபாகமத்தின் வயேலெக், 30.

13 வயதில் பையன் வாசிப்பது எந்தப் பகுதி? கஷ்டமா?

வழக்கமாகப் பிறந்தநாளை ஒட்டிய வாரத்துப் பகுதி. சுருளில் உயிர்க்குறி கிடையாது, ராகக் குறியும் கிடையாது. அதனால் ஒரு பத்தியில் குறிகளோடும் பக்கத்துப் பத்தியில் குறியில்லாமலும் அச்சிட்ட புத்தகத்தை வைத்து மாதக்கணக்கில் பழகுவார்கள்.

ஆபிரகாம் சிலை உடைத்தது குர்ஆனில் இருக்கிறதே, அப்படியானால் நடந்ததுதானே?

குர்ஆனில் இருக்கிறது, உண்மை. நான் பேசியது தோராவில் இருக்கிறதா என்பது மட்டும். குர்ஆன் பற்றி அதைப் படித்தவர்களிடம் கேளுங்கள்.

யூத மதத்துக்கு மாற என்ன செய்ய வேண்டும்?

ஒரு ரப்பியிடம் நேரில் பேசுங்கள்.

தோராவும் பைபிளும் ஒன்றா?

முதல் பதில்.

இஸ்ரேலில் இருந்து கேட்டவள்தான் ஐயா, இன்னொன்று. பெரியவருக்கு நியூயார்க்கில் ஒரு பேத்தி. ஒரு வருஷம் வசந்த காலம் முழுக்க வீடியோவில் பேசும்போது இவர் ஒரு பகுதி சொல்ல, அவள் வேறு பகுதி சொன்னாள். யார் பிசகினது?

இருவருமே சரி. பஸ்கா இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாட்டு யூதர்களில் பெரும்பாலானோருக்கு எட்டு. அந்த எட்டாம் நாள் சப்பாத்தாக அமைந்தால், வெளிநாட்டில் திருநாள் வாசிப்பு நடக்கும். இஸ்ரேலில் வழக்கமான அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்கள். மாதம் கூடும் ஆண்டாக இருந்தால் இந்த ஒரு வார இடைவெளி சுமார் மூன்று மாதம் நீடிக்கும். 2016இலும் 2022இலும் அப்படித்தான், எண்ணாகமத்தின் கடைசி இரண்டு பகுதிகளான மத்தோத், மசேயை வெளிநாட்டில் சேர்த்து வாசித்தபோதுதான் சரியானது. அடுத்த முறை அப்படி வந்தால், பேத்தியின் பகுதியையே பேசச் சொல்லுங்கள். பெரியவர் அதை முந்தின வாரம்தான் படித்து முடித்திருப்பார்.