மீட்ட பெண்ணை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தப் பணியில் இருக்கும் சமூகப் பணியாளர் நான். நாங்கள் கல்யாணத்தை நிறுத்திய 15 வயதுப் பெண் தினமும் இரவு பதினொரு மணிக்கு என் சொந்த எண்ணுக்குப் போன் செய்கிறாள். "அக்கா, ரெண்டு நாள் உங்க வீட்டுல இருந்துக்கறேன்" என்று அழுகிறாள். என் கணவருக்குக் கோபம். கூட்டி வரலாமா? போனை அணைத்து வைத்தால் தப்பா?

பதில்: கூட்டி வராதீர்கள், ஒரு ராத்திரிக்குக்கூட. இளைஞர் நீதிச் சட்டம் (2015) சொல்வது இதுதான்: பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். எங்கே தங்குவாள் என்பது குழுவின் முடிவு. நீங்கள் சோறு போட்டுப் படுக்க வைத்தாலும், விடிந்ததும் அவள் மாமன் ஸ்டேஷனில் "பிள்ளையைக் கடத்திட்டாங்க" என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் கணவரும் அங்கே நிற்க வேண்டிவரும்.

பதினொரு மணிக்கு ஏன் கூப்பிடுகிறாள் என்று கேட்டீர்களா? வீட்டார் தூங்கிய பிறகுதான் அம்மாவின் போன் கையில் கிடைத்திருக்கும். பள்ளிக்குப் போகிறாள் என்றால் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லி, மதியம் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். "எட்டு மணிக்கு மேல குழந்தைகள் உதவி எண் 1098தான், செவ்வாய்க்கிழமை நான் நேர்ல வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்ன செவ்வாய்க்கிழமை கட்டாயம் போய் நில்லுங்கள்.

இரவில் எடுத்தே ஆகவேண்டிய அழைப்பு ஒன்று உண்டு: "அடிக்கிறாங்க", "விடியக்காலைல தாலி கட்டப் போறாங்க". எந்த இடம், யார் கூட இருக்கிறார்கள், இவ்வளவுதான் கேட்க வேண்டும். உடனே 1098க்குச் சொல்லுங்கள். "இன்னைக்குக் கமிட்டி இல்லை, திங்கட்கிழமை வாங்க" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழு கூடாத நேரத்தில் ஒரு தனி உறுப்பினர் முன்பும் ஆஜர்படுத்தலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் அது பொருந்தும், தீபாவளிக்கும் பொருந்தும். இதை ஒவ்வொரு முறையும் நாம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பது வயிற்றெரிச்சல்.

அலுவலகம் தனி சிம் தராவிட்டால் நீங்களே ஒன்று வாங்குங்கள். எட்டு மணிக்கு அது அணையட்டும். அதற்குப் பிறகு வரும் அவசர அழைப்புகளை முறை வைத்து எடுக்க ஆள் போடும்படி அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால், ஒப்பந்தப் பணியாளரின் தூக்கத்தைப் பற்றி எந்த அலுவலகமும் கவலைப்படாது.

சொந்த எண் ஊரெல்லாம் சுற்றுவதில் இன்னொரு ஆபத்து, குழந்தையை விலைபேசும் புரோக்கர்கள். இவர்கள் அலுவலகத்துக்கு வருவதில்லை. வளைகாப்பில் உங்கள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்ல குடும்பம், பிள்ளை இல்லை, உங்க மருமக நினைச்சா முடியும்" என்று ஆரம்பிப்பார்கள். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு செய்யட்டும். இதை உங்கள் மாமியாருக்கும் கணவருக்கும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.