பிற நாட்டுப் படத்தைத் தழுவி எடுப்பது திருட்டா, படைப்பா?

"பிற நாட்டுப் படங்களையும் தொடர்களையும் தழுவி எடுப்பது திருட்டுதானே, அதை எப்படிப் படைப்பு என்று சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எங்கிருந்து எடுத்தோம் என்று சொன்னார்களா, உரியவரிடம் கேட்டார்களா என்பது ஒன்று. எடுத்ததை என்னவாக ஆக்கினார்கள் என்பது மற்றொன்று. முதலாவது நேர்மை பற்றியது, இரண்டாவது கலை பற்றியது. ஒன்றுக்கான தீர்ப்பை மற்றொன்றின் மேல் ஏற்றக் கூடாது என்பதே என் பதில்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961இல் வந்தது. ஓர் ஊரில் இரண்டு கும்பல்கள். எங்கிருந்தோ வரும் வாள்வீரன் ஒருவன் இரண்டு பக்கமும் கூலிக்குச் சேர்ந்து, இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறான். 1964இல் இத்தாலியின் செர்ஜியோ லியோனே அவன் கையில் வாளுக்குப் பதில் துப்பாக்கியைக் கொடுத்து 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார். அனுமதி வாங்கவில்லை. வழக்கு வந்தது, உலக வசூலில் 15 சதவீதம் தருவதாகச் சமரசம் ஆனது. செய்தது தவறு, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் முகங்களைத் திரை முழுக்க நிறைத்து, என்னியோ மோரிகோனியின் இசையில் நொடிகளை இழுத்துப் பிடித்த அந்தப் படம், கௌபாய் படங்களின் போக்கையே திருப்பியது. அந்தத் தவறு இந்தச் சாதனையை அழிப்பதில்லை, இந்தச் சாதனை அந்தத் தவறைக் கழுவுவதும் இல்லை.

இதற்கு நேர் எதிரானது கஸ் வான் சான்ட் 1998இல் எடுத்த 'சைக்கோ'. ஹிட்ச்காக்கின் 1960ஆம் ஆண்டுப் படத்தை முறைப்படி, வெளிப்படையாக, ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் வண்ணத்தில் திரும்ப எடுத்தார். நேர்மையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்தப் படத்தில் பயமே வரவில்லை. ஹிட்ச்காக் கேமராவை ஓரிடத்தில் வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நகலில், அவர் அங்கே வைத்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியவை, அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் நான் பார்த்த இரண்டு படங்கள். ஒன்று குரோசாவாவின் 'இகிரு' (1952). இன்னொன்று அதைத் தழுவி, கசுவோ இஷிகுரோ திரைக்கதை எழுத, ஆலிவர் ஹெர்மானஸ் இயக்கிய 'லிவிங்' (2022). வாழ்நாளெல்லாம் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஓர் அரசு அலுவலர், புற்றுநோய் என்று தெரிந்தபின் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா அமைத்துவிட்டு இறக்கிறார். 'இகிரு'வே டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' தந்த தூண்டுதலில் பிறந்ததுதான். ரஷ்யாவில் தொடங்கி, டோக்கியோ வழியாக, 1953ஆம் ஆண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்த கதை.

இரண்டிலும் பனி பெய்கிறது, இரண்டிலும் அவர் ஊஞ்சலில் அமர்ந்து பாடுகிறார். டோக்கியோவில் அவர் பாடுவது வாழ்வு குறுகியது என்று இளம்பெண்களுக்குச் சொல்லும் பழைய காதல் பாட்டு. லண்டனில் ஒரு ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல். ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கடுத்த மாற்றம். 'இகிரு'வில் இறந்தவரின் வீட்டில் கூடிய சக ஊழியர்கள் குடித்து, போதையேறி, அழுதபடி இனி நாமும் அவரைப் போல் உழைப்போம் என்று சூளுரைக்கிறார்கள். 'லிவிங்'கில் அதே உறுதிமொழி ஒரு ரயில் பெட்டிக்குள் நடக்கிறது: தொப்பியும் கோட்டுமாக எதிரெதிரே அமர்ந்தவர்கள் அடங்கிய குரலில் பேசிக்கொள்கிறார்கள். இரு இடத்திலும் அந்த உறுதி நிலைக்கவில்லை. அந்த ஆங்கிலேயர்களால் பிறர் முன் அப்படி உடைந்து அழ முடியாது என்று தெரிந்த ஒருவரால்தான் அந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியும். கதையை வாங்கியவர் அதைத் தன் மனிதர்களிடம் கொண்டுபோய், "நீங்கள் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு அசல்தன்மை என்பது அந்தக் கேள்விதான். முன்னவர் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலுக்கு நன்னூல் வகுத்த இலக்கணத்தில் 'பின்னோன் வேண்டும் விகற்பம்' என்று வருகிறது. முன்னவர் முடிவோடு ஒத்துப்போய், பின்னவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டைச் சொல்வது. அன்றிரவு அந்தச் சொல் நினைவுக்கு வந்தது.

தொலைக்காட்சியிலும் இதையே பார்க்கலாம். பிரிட்டனின் அலுவலக நகைச்சுவைத் தொடரான 'தி ஆபீஸ்' தொடரை 2005இல் அமெரிக்கர்கள் தொடங்கியபோது முதல் பகுதி பெரும்பாலும் மூலத்தின் வசனங்களையே பேசியது, அந்நியமாக ஒலித்தது. இரண்டாம் பருவத்தில் மேலாளரைக் கொஞ்சம் அன்புக்கு ஏங்குபவராக மாற்றினார்கள். தொடர் அங்கேதான் உயிர்பெற்றது, 201 பகுதிகள் ஓடியது.

மாற்றம் எப்போதும் கலைஞரின் விருப்பத்தால் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாம் 'பாபநாசம்' என்று பார்த்த மலையாள 'த்ரிஷ்யம்' 2019இல் சீன மொழிக்குப் போனது. கதைக்களம் தாய்லாந்து ஆனது, முடிவில் தந்தை சரணடைகிறார். குற்றம் தண்டனையின்றிப் போவதைத் திரையில் ஏற்காத சூழலின் அழுத்தம் அதில் தெரிகிறது. எனக்கு மூலத்தின் முடிவே பிடிக்கும். என்றாலும் அது வேறொரு படமாகிவிட்டது என்பதை மறுக்க மாட்டேன்.

நேர்மையின் பக்கம் ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது. ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002) படத்தை உரிமை பெற்று மார்ட்டின் ஸ்கோர்செஸி 'தி டிபார்ட்டட்' ஆக எடுத்தார். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்ட மேடையில், மூலப்படத்தை ஜப்பானியப் படம் என்று சொன்னார்கள். பணம் கொடுத்தாகிவிட்டது, பெயரும் போட்டாகிவிட்டது. ஆனாலும் அந்தப் படைப்பாளிகளின் ஊர் உலகத்தின் முன் தவறாகச் சொல்லப்பட்டது. அதனால், ஒரு தழுவலை யாருக்குப் பரிந்துரைத்தாலும் மூலப்படத்தின் பெயரையும் நாட்டையும் சேர்த்தே எழுதி அனுப்புகிறேன்.